கொசுறு வரிசை

செலஸ்தினாளின் சிரிப்புக்குப் பல் மருத்துவமனையில் சொன்ன விலை நாலு லட்சத்து எண்பதாயிரம். தஸ்நேவிஸ் அதை மூன்று இருபதுக்கு முடித்தார். கொசுறாகத் தனக்கும் அரை வரிசைப் பல் வாங்கிக்கொண்டார்.

தூத்துக்குடியில் அதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. கருவாட்டு மண்டி தஸ்நேவிஸ் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவரில்லை. தன் கல்யாணத்தன்று மெழுகுவர்த்திக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டு நின்று, பூசைக்குப் பிந்திப்போன மாப்பிள்ளை அவர். கேட்ட விலைக்கு வாங்குகிறவன் கடல் தண்ணீரையும் காசு கொடுத்து வாங்குவான் என்பார். எந்த பில்லிலும் கடைசி வரி வெறும் கொழுப்பு, அதை வெட்டி எறிந்தால் மீன் கெட்டுப்போகாது என்பது முப்பது வருஷ வியாபாரத்தில் அவர் கண்டறிந்த உண்மை.

அவர் மனைவி செலஸ்தினாள் சிரித்தால் ஒரு காலத்தில் மண்டி வாசலில் தொங்கும் தராசு ஆடும் என்பார்கள். சர்க்கரை வந்து அவள் பற்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனது. கட்டுப்பல் வைத்துப் பார்த்தார்கள். ஒரு ஞானஸ்நான விருந்தில் யாரோ சொன்னதற்குச் சிரிக்கப்போய், அது பாயசத்துக்குள் விழுந்தது. பந்தி முழுக்கப் பார்த்தது. அன்றைக்கு வாய்க்குப் போன முந்தானை பிறகு கீழே இறங்கவில்லை. தராசும் ஆடவில்லை. வீட்டில் சத்தம் குறைந்தது வியாபாரத்துக்கு நல்லது என்று தஸ்நேவிஸ் கொஞ்ச நாள் நினைத்துப் பார்த்தார். நினைப்பு ஒட்டவில்லை. அந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டை சாலையில் அடுக்குப்பல் மருத்துவமனை திறந்தார்கள்.

டாக்டர் ஆவுடையம்மாள் இருபத்தெட்டு வயதுப் பெண். சுவரில் சுறாத் தாடை ஒன்றின் படத்தை மாட்டி வைத்திருந்தாள்.

"ஐயா, நம்ம பல்லு தாடை எலும்புக்குள்ள வேர் விட்டு நிக்கும். சுறாவுக்கு அப்படி இல்ல. பல்லு ஈறுல ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கும். அதுக்குப் பின்னாடி..."

"அதுக்குப் பின்னாடி வரிசை வரிசையா மடங்கிப் படுத்துக் கெடக்கும். முன்னால ஒண்ணு தேஞ்சோ உடைஞ்சோ விழுந்தா, பின்னால உள்ளது எந்திரிச்சு முன்னால வரும். எங்க மண்டி வாசல்லயே ஒரு தாடை தொங்குதும்மா. கல்யாணப் பந்தி மாதிரிதான். சாப்பிட்டவன் எந்திரிக்கணும், நாக்காலிக்குப் பின்னால நிக்கவன் உக்காரணும்."

"அதேதான்," என்று டாக்டர் சிரித்தாள். "ஆயுசு பூரா அந்தப் பந்தி ஓயாது. நமக்கு ரெண்டு பந்தியோட முடிஞ்சிருது, பால்பல்லு, அப்புறம் இது. பல்லு முளைக்க வைக்கிற அந்த ஈறு ஓரத்துச் சதை நமக்குச் சின்ன வயசுலேயே அவிஞ்சிரும். சுறாவுக்கு அவியாது. அவியாத சதையை நாங்க வளத்து உங்க ஈறுல நடுவோம். சொத்தை விழுந்தாலும் கவலை இல்ல, அது விழ அடுத்தது வந்து நிக்கும்."

செலஸ்தினாள் முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்: "வலிக்குமாம்மா?"

"வலிக்காதும்மா. எலும்புல வேர் இல்லாததால உணர்ச்சி குறைச்சலாத்தான் இருக்கும்."

வலி இல்லாத பல் என்றதும் தஸ்நேவிஸுக்குச் சரக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததை முகத்தில் காட்டாமல் மேனேஜர் பரஞ்சோதியின் அறைக்குப் போனார். டாக்டரும் செலஸ்தினாளும் கூட வந்தார்கள். பரஞ்சோதி மதிப்பீட்டை வாசித்தான். விதை, நடவு, ஊட்டம், நிறுத்தி என்று நாலு இனம்.

"கடைசியில என்னமோ சொன்னீரே, அது என்ன?"

"நிறுத்தி, அண்ணாச்சி. விதை நடும்போதே கூட வச்சிரணும். பின்னால எப்பமாவது பல்லு வரது போதும்னு தோணுச்சுன்னா ஒரே ஒரு மாத்திரை. அப்படியே நின்னுரும்."

"போதும்னு யாருக்குவே தோணும்? நெல்லு நடுதவன் அறுப்பை நிறுத்தவா மருந்து வாங்குவான்? அடியும், அடியும் அதை."

"அது இருக்கது நல்லதுய்யா," என்றாள் டாக்டர். "இந்தப் பல்லோட இன்னும் யாரும் பத்து வருசம் வாழ்ந்து பாத்ததில்ல."

"கட்டாயம்னு கம்பெனி சொல்லல, டாக்டர்," என்றான் பரஞ்சோதி. மாதக் கடைசி. அவனுக்கும் ஒரு கணக்கு முடிக்க வேண்டியிருந்தது.

தஸ்நேவிஸ் தோளில் கிடந்த துண்டை உருவி மேஜைமேல் விரித்து, அதற்கடியில் கையை நீட்டினார். பரஞ்சோதியின் தாத்தா எட்டயபுரம் சந்தையில் ஆட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. குளிரூட்டிய அந்த அறையில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், துண்டுக்குள் விரல்களை மட்டும் பிடிப்பதும் உதறுவதுமாக இருந்தார்கள். டாக்டர் செலஸ்தினாளைப் பார்த்தாள். செலஸ்தினாள் முந்தானைக்கு மேலே இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

துண்டை உதறித் தோளில் போட்டபோது மூன்று இருபது. நிறுத்தி போயிற்று.

"கொசுறு?" என்றார் தஸ்நேவிஸ்.

"பல்லுல ஏது அண்ணாச்சி கொசுறு!"

"எனக்குக் கீழ ஒரு பக்கம் காலியாக் கெடக்கு. இவ தட்டுல மிஞ்சுத விதையைத் தூரவா கொட்டப்போறீரு? கறிவேப்பிலைனு நெனச்சுக்கிடும்."

பரஞ்சோதி கையெடுத்துக் கும்பிட்டான். மறுவாரம் ஒரே தட்டிலிருந்து இருவருக்கும் நட்டார்கள்.

ஆறு மாதத்தில் செலஸ்தினாள் வாய் நிறையப் பல். முந்தானை தோளுக்குத் திரும்பியது. முதல் பல் விழுந்தபோது பால்பல் விழுந்த பிள்ளைபோல் முற்றத்தில் நின்று கூரைமேல் எறிந்தாள். மறுவாரம் அவர் பல் ஒன்று விழ, அதையும் அவர் கையிலிருந்து பிடுங்கி எறிந்தாள். எறிந்துவிட்டுச் சிரித்தாள். மண்டித் தராசு ஆடியதா என்று தஸ்நேவிஸ் எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் அன்றைக்கு ஒரு சில்லறை வியாபாரிக்கு அவராகவே விலையைக் குறைத்துக் கொடுத்தார். வியாபாரி பயந்துபோய்ச் சரக்கை முகர்ந்து பார்த்தான்.

பிறகு ஊரே நட்டுக்கொண்டது. தவணையில் நட்டார்கள், சீட்டு எடுத்து நட்டார்கள். தஸ்நேவிஸைப் பார்த்து நிறுத்தியை அடித்துப் பேசக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. பணமிருந்தவர்கள் மட்டும் பேசாமல் நிறுத்தியோடு வாங்கினார்கள். பேரம் பேசத் தெரியாதவர்கள் என்று மற்றவர்கள் அவர்களைக் கேலி செய்தார்கள். மழை பெய்தால் கூரைகளிலிருந்து பல் உருண்டு தெருவில் கிடந்தது. காகம்கூட அதைச் சீண்டவில்லை.

உணர்ச்சி குறைவாக இருக்கும் என்று டாக்டர் சொன்னது எவ்வளவு குறைவு என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. தஸ்நேவிஸுக்கு அரை வரிசைதான், மிச்சமெல்லாம் சொந்தப் பல். செலஸ்தினாளுக்கு மேலும் கீழும் அதுவே. சோற்றில் கிடந்த கல்லை மென்று விழுங்குவாள். நாக்கின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு, வாயில் ரத்தம் ருசித்த பிறகுதான் கண்டுபிடிப்பாள். அவளுக்கு உயிரான மக்ரூன் இனிப்பை ஒருநாள் பொட்டலத்தோடு திருப்பித் தந்தாள்.

"இனிப்பு தெரியுதுங்க. கடிச்சதுதான் தெரியல. யாரோ மென்னு குடுத்ததை முழுங்குத மாதிரி இருக்கு."

"பழகிரும்ட்டி."

"பழகிட்டு," என்றாள். "அதான் சொல்லுதேன்."

சிரிப்பும் குறைந்தது. இந்தமுறை மறைத்துக்கொள்ளவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது வருஷம் இட்லிக் கொப்பரையைத் தூக்கும்போது மணிக்கட்டு ஒடிந்தது. கொப்பரை கனம் என்றார்கள். ஐந்தாவது வருஷம் ஒரு தும்மலில் விலா எலும்பு விட்டது. வயசு என்றார்கள். சுண்ணாம்பு மாத்திரை சட்டி சட்டியாகக் கொடுத்தார்கள். பல்தான் முன்னைவிட வேகமாக வந்து விழுந்தது. ஆறாவது வருஷம் கோயில் படியருகே நின்றுகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். விழுந்ததால் இடுப்பு ஒடியவில்லை. இடுப்பு ஒடிந்ததால் விழுந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டு, எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு தஸ்நேவிஸ் ஆவுடையம்மாளிடம் போனார். பரஞ்சோதி கோயம்புத்தூர்க் கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தான். டாக்டருக்கு நரை விழ ஆரம்பித்திருந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். இருவருக்கும் தெரிந்தது ஒன்றுதான். நைந்த வலை.

"ஐயா, இந்த மாசம் இது எனக்குப் பதினாலாவது படம்," என்றாள். "எல்லாருமே நிறுத்தி போடாதவங்க."

தஸ்நேவிஸ் சுவரில் தொங்கிய சுறாத் தாடைப் படத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் சுறாவின் பீலித் துடுப்பு விற்றிருக்கிறார், கறி விற்றிருக்கிறார், ஈரல் எண்ணெய் விற்றிருக்கிறார், குருத்தை மருந்துக்காரனுக்கு விற்றிருக்கிறார். எலும்பு விற்றதில்லை.

"சுறாவுக்கு எலும்பே கிடையாதேம்மா," என்றார்.

"கிடையாது. காது மடல் மாதிரி வெறும் குருத்துதான். எலும்புக்குச் செலவில்லாததால பல்லுல சுண்ணாம்பைத் தாராளமா இறைக்குது. நமக்கு..."

"நமக்கு ரெண்டு கடை. கல்லா ஒண்ணு."

"ஆமாய்யா. ஈறு கேட்டுக்கிட்டே இருக்கு. எலும்பு குடுத்துக்கிட்டே இருக்கு. மாத்திரையாக் குடுத்தாலும் ஈறுதான் முதல்ல பிடிங்கித் தின்னுது."

அழ வேண்டிய இடம் இது என்று தஸ்நேவிஸுக்குத் தெரிந்தது. உள்ளே தேடிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கல்லைக் கடித்த அடுக்குப்பல் மாதிரி இருந்தது. கை மட்டும் பழக்கத்தில் தோளுக்குப் போய்த் துண்டை உருவியது. மேஜைமேல் விரித்தார். அடியில் கையை நீட்டினார்.

"நிறுத்தியை இப்பம் வச்சுருங்கம்மா. நான் பேசல. எந்த விரலை வேணும்னாலும் பிடிங்க, எத்தனை தடவை வேணும்னாலும் பிடிங்க. நீங்க சொல்லுததுதான் விலை."

டாக்டர் துண்டைப் பார்த்தாள். கையை மேஜைமேலேயே வைத்துக்கொண்டாள்.

"விக்கதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லய்யா. விதையோட விதையா வைக்கிறது அது. இப்ப சதை மூடிட்டு. வரிசையோட அறுத்து எடுக்கணும்னா தாடை தாங்கணும். அம்மா தாடை தாங்காது."

துண்டுக்கடியில் அவர் கை தனியாகக் கிடந்தது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"உங்களுக்கு மட்டும் நான் மாத்திரை தரேன்," என்றாள் டாக்டர், மேஜை இழுப்பறையைத் திறந்துகொண்டே. "அரை வரிசைங்கிறதால உங்க எலும்பு இன்னும் மோசமாகல. ஆனா தள்ளிப்போடாதீங்க. இன்னைக்கே போட்டுருங்க."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் நிறுத்தி இல்லையே. நான்தான அடிச்சேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு இருக்கேய்யா. நடவுக்கு முந்தின நாள் அம்மா வந்து பணம் கட்டினாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

மாத்திரை ஒரு சின்னத் தாள் உறைக்குள் இருந்தது. எடையே இல்லை.

அவர் எழுந்திருக்கும்போது டாக்டர் இன்னொன்று சொன்னாள். ஆழக்கடலில் ஒரு சின்னச் சுறா உண்டாம். பல்லை ஒவ்வொன்றாக விடாமல் கீழ்வரிசை முழுவதையும் ஒரே சமயத்தில் கழற்றுமாம். கழற்றி, துப்பாமல், தானே விழுங்கிவிடுமாம். போட்ட முதலை வீணாக்காத சுறா.

"அதைப் பாத்துத்தான் இப்ப முயற்சி பண்ணுறோம். விழுந்த பல்லை இடிச்சுப் பால்ல குடுங்க. பல்லு திரும்பி வயித்துக்குள்ள வந்தா ஈறு கொஞ்சம் பொறுத்துக்குது, அடுத்ததை அனுப்பப் பிந்துது. முழுசா நிக்காது. ஆனா பொறுக்கும். ஒரே ஒண்ணு, அவங்க பல்லுதான் வேலை செய்யும். ஊர்க்காரங்க பல்லு ஆகாது. ஒரே விதைத் தட்டுல வந்ததா இருக்கணும்."

"ஒரே தட்டு," என்றார் தஸ்நேவிஸ்.

"ஆமா. தட்டு மாறினா ஈறு கண்டுக்காது."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

இடுப்பைச் சேர்த்துக் கட்டி செலஸ்தினாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலையொட்டிய அறையில், ஜன்னலோரம் கட்டில். மறுநாள் காலையில் பாலை ஆற்றிக்கொண்டே தஸ்நேவிஸ் கேட்டார்.

"என்னத்தை வித்து எனக்கு நிறுத்தி வாங்குன?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா போட்ட ரெட்டை வளையல்."

"அது தங்கச்சி வீட்டுல இருக்குன்னுல்லா சொன்ன."

"சொன்னேன்."

"ஏன் எனக்கு? உனக்கு வாங்கிருக்கலாம்லா?"

"ரெண்டுக்குத்தான் கேட்டேன். வளையல் காசு ஒண்ணுக்குத்தான் காணும்னாவ. அந்த டாக்டர் பொண்ணு அன்னைக்கு என்னைப் பாத்த பார்வை சரியில்லங்க. என்னமோ இருக்குன்னு தோணிச்சு. என்னன்னு தெரியல." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்க நிக்காட்டா மண்டி நிக்குமா? எனக்குச் சிரிக்கத்தான பல்லு," என்றாள்.

"அறிவிருக்கா ஒனக்கு? பரஞ்சோதிகிட்ட ரெண்டு வார்த்தை பேசிருந்தா அதே வளையலுக்கு ரெண்டையும் குடுத்திருப்பான்! அவனுக்கு மாசக் கடைசி. தூக்கிக் குடுத்திருப்பான்!"

"பேசிருக்கலாம்," என்றாள் செலஸ்தினாள். குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. "பேசினா அதுலயும் எதையாவது அடிச்சிருவாவளோன்னு பேசல."

தஸ்நேவிஸ் பாலை இன்னும் ஒருமுறை ஆற்றினார். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

"உங்களுக்கு மாத்திரை குடுத்துருக்காளாமே. டாக்டரு போன் பண்ணுனா. போட்டீயளா?"

"போட்டேன்."

"என்ன விலை?"

"சும்மா குடுத்தா."

"சும்மா குடுத்ததையா வாங்குனீய? கொசுறு கேக்கலியா?"

அவர் முற்றத்துக்குப் போனார். சட்டைப் பையில் உறை இருந்தது. மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பால்பல் அளவுதான் இருந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தார். ஓட்டு இடுக்குகளில் அவளும் அவருமாக எறிந்த பற்கள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. ஆள்விட்டு அவற்றை இறக்கி, உப்பும் பாசியும் போகக் கழுவ வேண்டும். அதுவும் ஒருநாள் தீரும்; வரவு நிற்கக் கூடாது. மாத்திரையைப் பிள்ளைகள் பால்பல் எறிவதுபோல் கூரைமேல் வீசினார். அது ஓட்டில் ஒருமுறை தட்டி, அந்தப் பக்கம் போயிற்று.

பிறகு உட்கார்ந்து இடித்தார். மிளகு இடிக்கும் சின்ன உரல். அந்த வாரம் விழுந்த அவள் பற்கள், தலையணையில் கிடைத்ததும் சோற்றுத் தட்டில் கிடைத்ததும் சேர்த்து. அவர் பல் இரண்டு. தானாக விழுந்தது ஒன்று, ஆடிக்கொண்டிருந்ததை நூல் கட்டி இழுத்தது ஒன்று. இழுத்ததும் நாக்கால் தொட்டுப் பார்த்தார். அடுத்தது பின்னால் நிமிரத் தொடங்கியிருந்தது. நல்ல சரக்கு.

மாவு மெல்லியதாகும்வரை இடித்துப் பாலில் கலக்கிக் கொண்டுபோனார். செலஸ்தினாள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தாள்.

"நேத்தைவிட இன்னைக்குக் கெட்டியா இருக்கே."

"பால்காரன் தண்ணி ஊத்த மறந்துட்டான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தாடையை, அதன் இடப்பக்கத்தைப் பார்த்தாள். இருபத்தொன்பது வருஷம் ஒரு வியாபாரியோடு குடித்தனம் செய்தவள். எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்குப் போகிறது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அவன்கிட்டயும் பேசிட்டீயளாக்கும்," என்றாள். சிரிப்பு வந்தது. பாதியில் விலா பிடித்துக்கொள்ள, கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் விலாவில் வைத்துக்கொண்டு, மிச்சத்தையும் சிரித்தாள். பிறகு மறுபடி டம்ளரை வாயில் வைத்து அடிவரை குடித்தாள்.

தஸ்நேவிஸ் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். அவளிடமிருந்து வந்தது: ஒரு ஜோடி வளையல், பேரம் பேசாமல். அவள் பேரில் அவர் அடித்தது: ஒரு நிறுத்தி. இன்றுவரை திருப்பிக் கட்டியது: இரண்டு பல். பாக்கி நிற்கிறது. பின்வரிசை வந்துகொண்டிருக்கிறது.